முகத்தையும் பேச்சையும் பார்த்து எந்த நாட்டுக்காரர் என்று முடிவு செய்யலாமா?

“அனுமதி இல்லாம வந்த வங்கதேசத்துக்காரங்களைக் கண்டுபிடிக்க, வங்காளம் பேசுகிறவனை எல்லாம் நிறுத்திச் சோதிக்கணும். அமெரிக்காவில் மாநில போலீசே பிடிக்குது, நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க?” ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தப் பேச்சு இப்போது சகஜமாகிவிட்டது. படித்தவர்களும் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வருகிறவர்களை அரசு கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்ல வரவில்லை. எல்லை இருந்தால் சட்டமும் இருக்கும். ஆனால் ரோட்டில் நிற்கிற போலீஸ்காரர் ஒருவருடைய முகத்தையும் பேச்சையும் வைத்து அந்தச் சட்டத்தை நடத்துவது என்றால், அதை எதிர்க்கிறேன்.

அமெரிக்காவைச் சொல்கிறவர்கள் அங்கே நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். 2010இல் அரிசோனா மாநிலம் எஸ்.பி. 1070 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. வேறு ஏதோ காரணத்துக்காக நிறுத்தியவர் மீது சந்தேகம் வந்தால், உள்ளூர் போலீசே அவருடைய குடியேற்ற நிலையை விசாரிக்க வேண்டும். 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வழக்கில் இருந்த நான்கு பிரிவுகளில் மூன்றைச் செல்லாது என்றது. இந்த விசாரணைப் பிரிவு மட்டும் தப்பியது. அதே மாநிலத்தின் மாரிகோபா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), அங்கே போலீஸ் தலைவராக இருந்த ஷெரிஃப் ஜோ அர்பாயோவின் ஆட்கள் லத்தீன் மக்களை இனம் பார்த்து நிறுத்தினார்கள் என்று 2013இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

2011இல் அலபாமா இன்னும் கடுமையாக ஒரு சட்டம் போட்டது. அடுத்து நடந்தது, தக்காளி விளைகிற நம் ராயக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். தக்காளி பறிக்கிற குடும்பங்கள் பயந்து ஊரைக் காலி செய்தன. பழம் செடியிலேயே அழுகியது. உள்ளூர் ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பலர் ஓரிரு நாளில் நின்றுவிட்டார்கள். காலையில் செங்காயாக இருப்பது மறுநாள் சாயங்காலம் கிரேட்டின் அடியில் நசுங்கிச் சாறு விடும், தக்காளி யாருக்கும் காத்திருக்காது. அதே வருடம் நவம்பரில், அங்கே கார் தொழிற்சாலை வைத்திருக்கும் மெர்சிடிஸ் கம்பெனியின் ஜெர்மன் அதிகாரி ஒருவரையும் கையில் உரிய காகிதம் இல்லை என்று போலீஸ் பிடித்தது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டவர் விவகாரம், அங்கே போலவே இங்கேயும், மத்திய அரசின் அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தெருவில் இறங்குவது மாநில போலீஸ். ‘நான் வெளிநாட்டவன் இல்லை’ என்று நிரூபிக்கும் சுமை பிடிபட்டவர் தலையில்தான். 1946 வெளிநாட்டவர் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது, 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அதுதான். 2025 ஜூனில் டெல்லியில் பிடிபட்ட, மேற்கு வங்கம் பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணிப் பெண் ஒருவரை, வங்கதேசத்துக்காரர் என்று சொல்லி அந்த நாட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். திருப்பி அழைத்து வரச்சொல்லி கல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பரில் உத்தரவிட்டது. அவர் வந்து சேர்ந்தது டிசம்பரில். வயிற்றுப் பிள்ளையோடு ஐந்து மாதத்துக்கு மேல் அந்நிய மண்ணில்.

ஓசூரில் ஒரு டீக்கடையில் மேற்கு வங்கத்து மால்டா பக்கத்துப் பையன் ஒருவனோடு பேசினேன். ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டுகிறான், விரலெல்லாம் முள் கீறல். சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஆதார், வாக்காளர் அட்டை, அப்பா பெயரில் உள்ள நிலப் பத்திரத்தின் நகல். டீ குடிக்க வரும்போதும் இதை எடுத்துக்கொண்டுதான் வருகிறான். அம்மாவிடமிருந்து போன் வந்தது. எழுந்து ஓரமாகப் போய், வங்காளம் யார் காதிலும் விழாதபடி குரலைத் தாழ்த்திப் பேசினான்.

அது நமக்குத் தெரியாத பயமா? 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தபோது, பஸ் இல்லாமல் ஜனங்கள் கர்நாடகத்தின் எல்லை ஊரான அத்திப்பள்ளியிலிருந்து இந்தப் பக்கம் ஜூஜூவாடிக்கு மூட்டையோடு நடந்து வந்தார்கள். வாயைத் திறந்து தமிழ் பேச நம் ஆட்கள் நடுங்கிய நாள் அது.

இன்னொன்று. கூலியை அமுக்கிவிட்ட மேஸ்திரி மீது இந்தப் பையன் புகார் கொடுக்கப் போவானா? கண் முன்னால் கத்திக்குத்து நடந்தால் சாட்சி சொல்வானா? ஸ்டேஷன் வாசலை மிதிக்கவே மாட்டான். நஷ்டம் அவனுக்கு மட்டும் இல்லை, அந்தத் தெருவில் குடியிருக்கிற எல்லோருக்கும்தான்.

உண்மையில் சந்தேகம் இருந்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அவருடைய சொந்த மாவட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். வக்கீல் வைக்க நாள் கொடுங்கள். நீதிமன்றம் முடிவு சொல்வதற்கு முன்னால் ஒருவரையும் எல்லைக்கு வண்டி ஏற்றக் கூடாது. நம் பகுதி எம்.எல்.ஏ.க்களும் ஓசூர்த் தொழிற்சங்கங்களும் இதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.