கதண்டு கொட்டினால் மாத்திரை மட்டும் போதாது

"கதண்டு (பெரிய விஷக் குளவி) கொட்டினால் சுண்ணாம்பு தடவி ஒரு செட்ரிசின் (அலர்ஜி மாத்திரை) போட்டுப் படுங்கள், போன தடவை எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொட்டிய இடம் மட்டும் வீங்கி வலித்தால் சரி, ஐஸ் ஒத்தடமே போதும். ஆனால் கொட்டியது கையில், தடிப்பதோ உதடும் நாக்கும் என்றால்? குரல் கம்முகிறது, மூச்சு இழுக்கிறது, வாந்தி, தலைச்சுற்றல் என்றால்? அது அனாபிலாக்சிஸ், அதாவது உடம்பு முழுவதையும் தாக்கும் கடுமையான ஒவ்வாமை. சில நிமிடங்களிலேயே ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். தோலில் தடிப்பே இல்லாமலும் வரும்.

செட்ரிசின் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைக்கிற தொண்டைக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து: பெரியவர்களுக்கு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்; மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி பைக்கில் இருவர் நடுவே நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோவதும் ஆபத்துதான்.

அப்புறம், "போன தடவை ஒன்றும் ஆகவில்லை" என்பது கணக்கில் சேராது. முன்பு கொட்டியபோதுதான் உடம்பு அந்த விஷத்தை அடையாளம் வைத்துக்கொள்கிறது. ஒவ்வாமை அடுத்த முறை கொட்டும்போது வெளிப்படலாம்.