நாடோடிகள் ‘சட்டப்படி குற்றப் பரம்பரை’யா? வாட்ஸ்அப் தகவல் தவறு

“கூடாரம் போட்டுத் தங்கும் நாடோடிகள் சட்டப்படி குற்றப் பரம்பரையினர், பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அப்படி ஒரு சட்டம் இப்போது இல்லை.

1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியே குற்றத்துக்குச் சாட்சி என்றது அது. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராகப் போன வணிகக் கூட்டங்கள்கூட அதில் சிக்கின. 1952 ஆகஸ்ட் 31 அன்று அது நாடு முழுவதும் ரத்தானது. அந்தச் சட்டத்தின் பட்டியலிலிருந்து விடுபட்ட சமூகத்தினரான சீர்மரபினர் பலர் அந்த நாளை விடுதலை நாளாகவே கொண்டாடுகிறார்கள். மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் நடப்புச் சட்டங்களைத் தேடிப் பாருங்கள், இது இருக்காது.

பிள்ளை பிடிக்கும் கதை இன்னும் ஆபத்தானது. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரைன்பாடா கிராமத்தில், இதே போன்ற வதந்தியை நம்பிய கும்பல் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரை அடித்தே கொன்றது. அவர்கள் யாசகம் கேட்டு வந்தவர்கள்.

சந்தேகம் வந்தால் 112க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098க்கோ அழையுங்கள். படத்தோடு வந்தாலும் சரி, ‘உடனே பகிரவும்’ என்று வந்தாலும் சரி, அந்தச் செய்தியை அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் மறுப்பையும் போடுங்கள்.