சும்மா அடிச்சு வுடாதீங்கப்பா

ஆப்பிளோட குட்டி டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மேக் மினி இருக்கே, அதுல அடுத்தது வருது வருதுன்னு மாசக்கணக்கா இதே பேச்சு. ஒருத்தன் விலை ஏறும்ங்கறான், ஒருத்தன் அதே விலைதாங்கறான், இன்னொருத்தன் ஸ்டோரேஜ் டபுள்னு அடிச்சு வுடறான். நீ பாத்தியா? 2024ல எம்4 சிப் போட்ட மாடல் வந்தப்போ ஆரம்ப விலை 59,900 ரூபா, 16 ஜிபி ராம், 256 ஜிபி ஸ்டோரேஜ், கைல இருக்கற கணக்கு இவ்ளோதான். அதுலயும் ராம் பின்னாடி ஏத்த முடியாது, வாங்கறப்பவே முடிவு பண்ணணும், தப்பா வாங்குனா யாரு காசு குடுப்பா?

தண்டையார்பேட்டைல ஒத்த ரூம்ல உக்காந்து கல்யாண வீடியோ எடிட் பண்றேன், பழைய சிஸ்டம்ல எடிட் பண்ணத முழு வீடியோவா ரெண்டர் போட்டா விடிஞ்சிடுது, ஃபேன் சத்தம் பக்கத்து வூடு வரைக்கும் கேக்குது. சீட்டு எடுத்த காசு ஒரு கவர்ல பீரோல புடவைக்கு நடுவுல கிடக்கு. இப்ப வாங்கவா, இன்னும் காத்திருக்கவா? நான் ஒவ்வொரு புரளியா கேட்டுட்டு வந்து சொல்ல, அந்த கவர எடுத்து எண்ணிட்டு திரும்ப உள்ளயே வைக்குது எங்கம்மா.