கால் சதவீத வட்டிக்கா 4,451 புள்ளி?

"வட்டி ஏறினால் பங்குச் சந்தை இறங்கும். நாணயம் சரிந்தால் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம்." இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டு முதலீட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். தப்பில்லை, ஆனால் பாதிப் பாடம். எந்த நாணயத்தில் கடன் வாங்கி, எதை வாங்கிக் குவித்திருக்கிறார்கள் என்பது மீதிப் பாதி. அது தெரியாமல், 2024 ஆகஸ்ட் 5 அன்று ஜப்பான் பங்குச் சந்தை ஏன் நொறுங்கியது என்பது புரியாது.

ஜூலை 31 அன்று அந்நாட்டு மத்திய வங்கியான ஜப்பான் வங்கி வட்டியை 0.25 சதவீதமாக்கியது. அதற்கு முன் 0 முதல் 0.1 வரை. அப்போது மற்ற பெரிய நாடுகளில் இதை வட்டி என்றே மதித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது வர்த்தக நாளான ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 4,451 புள்ளி, அதாவது 12.4 சதவீதம் விழுந்தது. 1987 அக்டோபருக்குப் பிறகு அப்படி ஒரு நாள் இல்லை.

முக்கியக் காரணம் கேரி டிரேடு, அதாவது வட்டி குறைந்த நாணயத்தில் கடன் வாங்கி, வட்டி கூடிய நாணயத்தில் போடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டாலர் 160 யென்னாக இருக்கும்போது 10 கோடி யென் கடன் வாங்கினால் 6,25,000 டாலர் கிடைக்கும். அதை 5 சதவீத டாலர் பத்திரத்தில் போட்டால் வருடத்துக்கு 31,250 டாலர். யென் வட்டி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இப்போது யென் வலுத்து, ஒரு டாலர் 150 யென்னாகிவிட்டது என்று வையுங்கள். அதே 10 கோடியைத் திருப்பிக் கட்ட 6,66,667 டாலர் வேண்டும். ஒரு வருட வட்டி முழுவதும் போய், மேற்கொண்டு பத்தாயிரம் டாலர் கைநஷ்டம். 152-க்கு வந்தாலே லாபம் காலி. அந்த ஜூலையில் 161-ஐத் தாண்டியிருந்த யென், ஆகஸ்ட் 5 அன்று 142-ஐத் தொட்டது.

ஹெட்ஜ் செய்திருக்கலாமே, அதாவது பின்னால் யென் வாங்கும் விலையை முன்பேர ஒப்பந்தத்தில் இன்றே கட்டிப்போட்டிருக்கலாமே என்பார்கள். முன்பேர ஒப்பந்தத்தின் விலையே இரு நாட்டு வட்டி வித்தியாசத்தை வைத்துத்தான் அமைகிறது. ஹெட்ஜ் செய்தால் அந்த 5 சதவீதமும் அதிலேயே கரைந்துவிடும். ஆகவே இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் பாதுகாப்பில்லாமல்தான் ஆடுகிறார்கள், அதுவும் பல மடங்கு கடனில். மார்ஜின் கால், அதாவது 'நஷ்டம் ஏறுகிறது, உடனே மேற்கொண்டு பணம் கட்டு' என்ற அழைப்பு வந்ததும் நல்ல பங்கு, கெட்ட பங்கு என்று பார்ப்பதில்லை. எது உடனே விலை போகுமோ அதை விற்பார்கள். விற்ற பணத்தில் யென் வாங்குவதால் யென் இன்னும் ஏறும், அடுத்தவருக்கு மார்ஜின் கால் போகும். போதாக்குறைக்கு ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க வேலையின்மை 4.3 சதவீதம் என்று வந்தது. அங்கே வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பு கூடி, வித்தியாசம் இரு பக்கமிருந்தும் சுருங்கியது.

நாணயச் சரிவு எல்லாப் பங்குக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கான 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில் பவுண்ட் நொறுங்கியது. லண்டன் சந்தையின் பெரிய நிறுவனங்களின் குறியீடான எஃப்டிஎஸ்இ 100 ஒரு வாரத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, ஏனென்றால் அதிலுள்ள நிறுவனங்களின் வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாட்டில். உள்நாட்டு வியாபாரத்தை அதிகம் நம்பிய நடுத்தர நிறுவனங்களின் குறியீடான எஃப்டிஎஸ்இ 250 பின்தங்கியது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற வரம்பைத் திடீரென்று கைவிட்டபோது நேர்மாறு. பிராங்க் எகிறியது, பங்குக் குறியீடு ஒரே நாளில் சுமார் 9 சதவீதம் இறங்கியது.

அதனால் ஏற்றுமதி நிறுவனம் என்ற பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஆண்டறிக்கையின் பின்குறிப்புகளில் வெளிநாட்டு நாணயக் கடன் எவ்வளவு, அதில் ஹெட்ஜ் செய்யாதது எவ்வளவு என்று பாருங்கள். மூலப்பொருளையும் டாலரில் வாங்கினால் நாணயச் சரிவின் லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மத்திய வங்கி அறிவிக்கும் நாளில் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதைவிட, சந்தையின் வட்டி எதிர்பார்ப்பைக் காட்டும் 2 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வருமான சதவீதம் முந்தைய நாள் எங்கே இருந்தது, அறிவிப்புக்குப் பிறகு எங்கே போனது என்று ஒப்பிடுங்கள். அது அசையவில்லை என்றால் சந்தை அந்தச் செய்தியை முன்பே விலையில் சேர்த்துவிட்டது.