போலீஸ் கிடங்கில் இருந்த சாமி

"போலீஸ்காரன் எடுத்து வைத்ததால்தானே அதெல்லாம் இன்றைக்குப் பத்திரமாக இருக்கு?" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். பேச்சு, பிரேசிலில் கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பொருட்களைப் போலீஸ் பறித்து வைத்திருந்தது பற்றி. வீடு புகுந்து நகையை எடுத்தவன் அதை லாக்கரில் வைத்திருந்தால் அவனுக்கு நன்றி சொல்வோமா?

ஆப்பிரிக்காவிலிருந்து கிட்டத்தட்ட 50 லட்சம் பேரை அடிமைகளாக பிரேசிலில் இறக்கினார்கள். அவர்கள் கையில் எதுவும் கொண்டுவர முடியவில்லை. மனதில் இருந்த தெய்வங்கள் கூடவே வந்தன. ஒரிஷாக்கள் என்ற அந்தத் தெய்வங்களைச் சுற்றி வளர்ந்ததுதான் கந்தொம்ப்ளே வழிபாடு. 1888-இல் அடிமை முறை ஒழிந்தது. சரி, இனி நிம்மதி என்று பார்த்தால், 1890-இல் புதிய குடியரசு போட்ட தண்டனைச் சட்டம் மாந்திரீகத்தைக் குற்றமாக்கியது. ரியோவில் போலீஸ் வழிபாட்டு இடங்களுக்குள் புகுந்து முரசு, சிலை, மணிமாலை, சாமியாடுகிறவர்களின் உடை என்று கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. 1945 வரை இது நடந்தது.

இதற்கு நடுவே ஒரு கூத்து. 1938-இல் அரசே இந்தத் தொகுப்பைத் தேசியப் பாரம்பரியச் சொத்தாகப் பதிவு செய்தது. பெயர் என்ன தெரியுமா? 'சூனிய அருங்காட்சியகம்'. ஒரு கையால் பாதுகாப்பு, மறு கையால் ரெய்டு. பொருட்கள் போலீஸிடமே இருந்தன.

மெனினாசின்யா என்ற கந்தொம்ப்ளே பூசாரி அம்மா, "நம்ம பொருளெல்லாம் போலீஸ் கையில் இருக்கு" என்று பாட்டி சொல்லக் கேட்டே வளர்ந்தவர். 2017-இல் அவரும் மற்ற வழிபாட்டுத் தலைவர்களும் 'எங்கள் புனிதத்தை விடுதலை செய்' என்று இயக்கம் நடத்தினார்கள். 2020-இல் 519 பொருட்கள் குடியரசு அருங்காட்சியகத்துக்கு வந்தன. அது 1960 வரை ஜனாதிபதிகள் இருந்த மாளிகை. எந்தக் குடியரசு பிடித்துக்கொண்டு போனதோ, அதன் வீட்டுக்கே!

சாவோ பாவ்லோவில் 2004-இல் திறந்த ஆப்ரோ பிரேசில் அருங்காட்சியகம் வேறு மாதிரி. எமானோயெல் அராவ்ஜோ என்ற கறுப்பினச் சிற்பி தன் சொந்தச் சேகரிப்பை வைத்துத் தொடங்கியது. ஒரிஷா சின்னங்களை நவீன ஓவியமாக்கிய ரூபெம் வாலென்டிமுக்கு அங்கே கலைஞர் என்ற மரியாதை. ரியோவில் அதே தெய்வங்களின் பொருட்கள் அப்போதும் தடயப்பொருள்தான். பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது பெரிய காரியமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். பக்கத்தில் சீட்டு எழுதுவது யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரியோவில் இப்போது பூசாரி அம்மாக்கள் அருங்காட்சியக ஊழியர்களோடு உட்கார்ந்து, இது எந்தத் தெய்வத்துடையது, இதை எப்படித் தொட வேண்டும் என்று சொல்கிறார்கள். 1938-லேயே கேட்டிருக்கலாம். பதிவேட்டில் இருந்த 'சூனியம்' என்ற சொல் நீங்கி 'எங்கள் புனிதம்' என்று பெயர் மாறியது 2023-இல். பொருள் இடம் மாறிய பிறகும் மூன்று வருஷம். அந்தப் பாட்டி 1964-லேயே போய்விட்டார்.