பெரிய மோட்டார் வாங்கும் முன் புட்வால்வைத் தூக்கிப் பாருங்கள்

நம் குமரி மாவட்டத்தில் கரண்ட் பில் கூடினால் திட்டு வாங்குவது ஃபேனும் லைட்டும்தான். கிணற்றடி மோட்டாரை யாரும் சந்தேகப்படுவதில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. 1 எச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட். அதே 1 யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரியும்.

20 நிமிடத்தில் நிறைந்த டேங்க் இப்போது 45 நிமிடம் எடுக்கிறதா? தண்ணீர் குறைவாக ஏறும்போது மோட்டார் இழுக்கும் கரண்டும் கொஞ்சம் குறையும், ஆனால் பாதியாகாது. ஆக ஒவ்வொரு குடத்துக்கும் செலவு ஏறுகிறது. இந்த நிலையில் "அரை எச்.பி. போதாது, ஒண்ணு போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். பல வீடுகளில் கோளாறு புட்வால்வில், அதாவது உறிஞ்சு குழாயின் அடிநுனியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் வால்வில் இருக்கிறது.

மோட்டாரை நிறுத்திவிட்டு மறுநாள் காலை போடுங்கள். தண்ணீர் ஊற்றாமல் எடுக்கவில்லை என்றால் புட்வால்வு ஒழுகுகிறது, அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறது. நம் கிணறுகளில் தென்னோலைத் துணுக்கும் பலா இலையும் விழாத நாள் கிடையாது. ஒரு நார் வால்வின் வாயில் சிக்கினாலே அது சரியாக மூடாது. குழாயோடு தூக்கி, சல்லடையைப் பிரஷ் போட்டுக் கழுவி, வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். திரும்ப இறக்கும்போது அடிச்சேற்றிலிருந்து ஒன்றிரண்டு அடியாவது மேலே நிற்கட்டும்.

மோட்டாரின் வாய் 1 இஞ்ச் என்றால் உறிஞ்சு குழாயை முக்கால் இஞ்சாகக் குறைக்காதீர்கள். பங்குனியில் தண்ணீர் மட்டம் மோட்டாரிலிருந்து 25 அடிக்குக் கீழே போய்விட்டால், மேலே இருக்கும் மோனோபிளாக் எத்தனை எச்.பி. ஆனாலும் திணறும். மோட்டாரைக் கிணற்றுக்குள் தாழ்த்தி வைப்பதோ, தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிளோதான் வழி. போட்டதும் 'ங்ங்' என்று முனகி, மெதுவாகச் சுற்றி, சீக்கிரம் சூடானால், மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மாற்றினால் மோட்டாரின் தகட்டில் போட்டிருக்கும் அதே அளவுதான்.

அடுத்தது மீட்டர். அதில் மினுக்கும் சிவப்பு விளக்கின் பக்கத்தில், யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்ற எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றே வைத்துக்கொள்வோம். ஃபேன், லைட்டை அணைத்து, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மோடம், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் பிளக்கோடு பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். மினுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 2 முறை மினுக்கினால் 37.5 வாட் எங்கேயோ போகிறது. 60 நாளில் அது 54 யூனிட். மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். ஆனியாடிச் சாரல், ஐப்பசி மழை என்று இரண்டு மழைக்காலம் நமக்கு. வெளிச்சுவரில் இருக்கும் மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குள் ஈரம் இறங்குவது சகஜம். கசிவு இருந்தால் அது பில்லோடு போகாது, உயிர் சம்பந்தப்பட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே திறக்காதீர்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் ஃப்ரிட்ஜின் பின்கம்பியை உப்புக்காற்று அரித்துவிடும். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, தூசியையாவது துடைத்து வையுங்கள். ஃபேன் மாற்றுவதாக இருந்தால், 75 வாட் பழைய ஃபேனுக்குப் பதில் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால், தினம் 12 மணி நேரம் ஓடும் அறையில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் குறையும். ஓடாத அறையில் மாற்றுவது வீண்.

இந்த 54, 32 எல்லாம் சின்ன எண்ணாகத் தோன்றலாம். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் கூடுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான சலுகையும் கையைவிட்டுப் போகிறது. அதனால் கணக்கெடுத்த நாளிலிருந்து 45ஆம் நாள் மீட்டரைப் பார்த்து, அட்டையில் உள்ள பழைய ரீடிங்கைக் கழியுங்கள். 375-க்கு மேல் வந்தால் 60 நாளில் 500-ஐத் தாண்டும் வேகம் அது; புட்வால்வைத் தூக்கிப் பார்க்க இன்னும் 15 நாள் இருக்கிறது.