முதல் மூன்று வருசம் கொம்பனி ட்ரக்கிலேயே ஓடுங்கள்

போன ஞாயிறு பின்னேரம் ஒரு தம்பி அழைத்தான். பெரிய ட்ரெயிலர் ட்ரக் ஓட்டுகிற ஏஸெட் லைசென்ஸ் எடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது. குரலிலேயே சந்தோசம் தெரிந்தது. "அண்ணை, ஒரு கொம்பனி லீஸுக்கு ட்ரக் தருதாம். டவுன் பேமெண்ட் இல்லையாம், கிரெடிட்டும் பாக்க மாட்டினமாம். சைன் வச்சா திங்கக்கிழமையே ஓடலாமாம். நாலு வருசத்தில ட்ரக் எனக்குச் சொந்தம்."

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அவன் முன்னேறுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பான். தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. கனடாவில் ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, ஏஜக்ஸ், பிரம்ரன் பக்கம் புதிதாக இந்த வேலைக்கு வரும் எங்கட பிள்ளைகள் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

நானும் அப்படி ஒரு கையெழுத்து வைத்தவன். 2021 நவம்பர். அந்த நேரம் லோட் மலிந்து கிடந்தது, ரேட்டும் நல்ல உயரத்தில் நின்றது. மைலுக்கு 1 டொலர் 90 சதம் என்றார்கள். கொம்பனி சாரதியாக 60 சதத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் வேறொன்றும் காதில் விழவில்லை.

2022 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கொம்பனி வாராவாரம் வரவு செலவு கழித்துத் தரும் செட்டில்மென்ட் தாளைக் குசினி மேசையில் வைத்தேன். மனைவி அதை எடுத்து, வீட்டுக்கணக்கு எழுதும் கொப்பியைப் பக்கத்தில் விரித்து, பேனை முனையை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினாள். அந்த வாரம் ஓடியது 2,500 மைல். வரவு 4,750 டொலர். டீசல் 2,330. லீஸ் தவணை 850. இன்சூரன்ஸ் 350. திருத்த வேலைக்கு என்று மைலுக்கு 12 சதம் பிடித்தது 300. நம்பர் பிளேட், ஓட்ட நேரத்தைப் பதியும் ஈஎல்டி கருவி, இன்னும் சில சில்லறைகள் 120. அடியில் மிஞ்சியது 800. அதற்கு இன்னும் வரி கட்டவில்லை.

"இந்தக் கிழமை எத்தினை நாள் வீட்டில நிண்டனீங்கள்?" என்று கேட்டாள். ஒரு நாள்.

அதே 2,500 மைலைக் கொம்பனி ட்ரக்கில் ஓடியிருந்தால் 1,500 டொலர். டயர் தேய்ந்தால் எனக்குக் கவலையில்லை. ட்ராக்டரில் மட்டும் பத்து டயர், தெரியும்தானே. பிறகு அந்த வருசக் கோடையில் டீசல் லீற்றர் 2 டொலரைத் தாண்டியது. எரிபொருளுக்கென்று வாடிக்கையாளரிடம் வாங்கிய மேலதிகக் கட்டணத்தில் ஒரு துண்டுதான் என் கைக்கு வந்தது. அதற்குப் பின்னால் ரேட்டும் விழுந்தது. லீஸ் தவணை மட்டும் அதே 850.

பலர் கணக்கு பார்ப்பது இந்தச் செலவுகளோடு நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. லோட்டை யார் தருகிறார்கள்? சொந்த ட்ரக் வைத்திருப்பவர் ஒரு இடம் சரிவராவிட்டால் ட்ரக்கை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். கொம்பனியிடமே லீஸ் எடுத்தவருக்கு அந்த வழி இல்லை. எத்தனை மைல் தருவது என்று முடிவு செய்கிறவரும் வாராவாரம் தவணை வாங்குகிறவரும் ஒரே ஆள். வேலை குறைந்த வாரத்தில், லோட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சர் உங்களுக்கு இரண்டு நாள் ஓட்டம் மட்டும் கொடுத்தால் நட்டம் அவர்களுக்கு இல்லை. ட்ரக் யார்டில் சும்மா நின்றாலும் தவணை, இன்சூரன்ஸ், சில்லறை எல்லாம் சேர்த்து 1,320 டொலர் உங்கள் கணக்கில் ஏறிவிடும். கொம்பனி சுமக்க வேண்டிய பாரத்தைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துவிட்டு, அதற்கு முதலாளி என்று பெயரும் சூட்டுகிறார்கள். இடையில் விட்டுவிட்டுப் போனால் கட்டின காசும் இல்லை, ட்ரக்கும் இல்லை. நான் பதினொரு மாதத்தில் விட்டேன்.

அந்தப் பதினொரு மாதத்தில் என்னை உண்மையில் உலுக்கியது காசு இல்லை. 2022 மார்ச், வின்னிப்பெக் லோட். சூ செயின்ற் மேரி தாண்டி 17ஆம் நெடுஞ்சாலையில் வாவா பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி குறுக்காக அடித்தது. மொன்றியல் ரிவர் ஏற்றம் எப்படிப்பட்டது என்று அந்தப் பாதையில் ஓடியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. அந்த வாரம் ஏற்கனவே மைல் குறைவு, வெள்ளிக்கிழமைத் தாள் கண்ணுக்குள் நின்றது. ஏற்றத்தில் பின் சில்லுகள் ஒரு தடவை வழுக்கின. ட்ரெயிலர் இடப்பக்கம் இழுப்பது இருக்கையில் தெரிந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. வாவாவில் நிறுத்தியபின் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கொம்பனி ட்ரக்கில் இருந்தபோது இதே மாதிரி ஒரு இரவு டிஸ்பாச்சுக்கு அழைத்து, "பாதை சரியில்லை, நான் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு நித்திரை கொண்டவன் நான்.

இரண்டு வாரம் கழித்து டீசல் புகை வடிகட்டி அடைத்து, எஞ்சின் வலுக்குறைந்து, இழுத்துக்கொண்டு போய் வேர்க்ஷொப்பில் விட்டார்கள். 6,800 டொலர் பில், ஐந்து நாள் ஓட்டம் இல்லை. திருத்தத்துக்கென்று வாராவாரம் பிடித்த காசு போதவில்லை. மிச்சத்தை அடுத்த செட்டில்மென்ட்களில் கழித்தார்கள். அந்த மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை தாளின் அடியில் கழித்தல் குறிதான் இருந்தது.

இது என் ஒருவனுடைய துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் லீஸ் எடுத்து ஓடிய டொமினிக் ஒலிவேரா என்ற சாரதி, தன் கைக்கு வந்தது குறைந்தபட்சக் கூலியிலும் குறைவு என்று வழக்குப் போட்டார். நியூ பிரைம் எதிர் ஒலிவேரா என்று அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தக்காரர் என்ற பெயரைக் காட்டி அவரை நீதிமன்றத்துக்கு வெளியே கட்டாய நடுவர் விசாரணைக்குள் தள்ள முடியாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பிறகு 2021 உட்கட்டமைப்புச் சட்டத்தின்படி ட்ரக் லீஸ் பற்றி ஆராய அங்கே ஒரு குழு அமைத்தார்கள். கொம்பனிகள் தங்கள் சாரதிகளுக்கே லீஸுக்கு விற்கும் இந்த முறையைத் தடை செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. பெரிய ஆட்களுக்கும் இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் தாங்காது. மிசிசாகாவில் இருந்து ட்ரக் விற்பனையும் லீஸும் செய்த பிரைட் குழுமம் 2024 மார்ச்சில் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அவர்களுக்கே அந்த நிலை என்றால் ஏழு மாத அனுபவத்தோடு ஒரு பிள்ளை எப்படித் தாங்கும்?

சரி, கொம்பனி வேலை என்றேனே. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "உன் பெயரில ஒரு கோர்ப்பரேஷன் பதிஞ்சுகொண்டு வா, முழுக்காசும் கையில தாறம்" என்பார்கள். ட்ரக் அவர்களுடையது, லோட் அவர்களுடையது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வது. அப்படியானால் நீங்கள் வேலையாள்தான். ட்ரைவர் இன்க் என்று இங்கே எல்லாரும் சொல்வது இதைத்தான். சீபீபி ஓய்வூதியத்துக்கு அவர்கள் பங்கு கட்ட மாட்டார்கள். வேலை போனால் ஈஐ என்கிற வேலையிழப்புக் காப்புறுதிக் காசு கிடையாது. வரித் திணைக்களம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மாகாணம் தாண்டி, எல்லை தாண்டி ஓடும் ட்ரக் சாரதிகள் கூட்டாட்சித் தொழில் சட்டத்தின் கீழ் வருபவர்கள். 2024 ஜூன் 20 முதல் அந்தச் சட்டம் உங்களை வேலையாள் என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கொம்பனி. ஆகவே வேலையாளுக்குக் கொடுக்கும் வருசச் சம்பளப் பத்திரமான டி4 தருகிற இடமாகப் பாருங்கள். அதே சட்டத்தில் சம்பளத்தோடு வருசத்துக்கு 10 நாள் வரை நோய் விடுப்பும் இருக்கிறது. அது கூடத் தெரியாமல் காய்ச்சலோடு வண்டி ஓடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நேர்முகத்துக்குப் போகும்போது மைலுக்கு எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். லோட் ஏற்ற இறக்கக் காத்திருக்கும் மணித்தியாலங்களுக்குக் காசு உண்டா, ட்ரக் வழியில் பழுதானால் ஹோட்டல் யார் செலவு, பனி நாளில் நிறுத்தினால் என்ன சொல்வார்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். முடிந்தால் யார்டில் நிற்கிற சாரதி ஒருவரோடு ஒரு கோப்பி குடித்துக்கொண்டு கதையுங்கள். ஒபீசில் சொல்லாததை அவர் சொல்வார்.

ஒன்ராறியோவில் ஏஸெட் எடுக்கக் கட்டாயப் பயிற்சி 103.5 மணித்தியாலம். சோதனையில் பாஸ் பண்ண அது போதும். ஆனால் தொழில் படிவது அதற்குப் பிறகுதான். வின்ட்சர் பாலத்தில் எல்லை அதிகாரியிடம் பேசப் பழகுவது, ஒடுங்கிய டொக்கில் கண் தெரியாத பக்கத்தால் பின்னுக்கு எடுப்பது, ஈஎல்டியில் ஒரு நாள் வேலைக்கு அனுமதிக்கிற 14 மணித்தியாலத்தை வீணாக்காமல் திட்டமிடுவது. இதெல்லாம் கொம்பனி ட்ரக்கில், கொம்பனி டீசலில் படிக்க வேண்டிய பாடம். மூன்று வருசம் துப்புரவான ரெக்கோர்டோடு ஓடிவிட்டால் இன்சூரன்ஸ்காரரும் உங்களோடு வேறு மாதிரிப் பேசுவார்கள். அப்போது கையில் முற்பணமும், ஆறு மாதம் வேலை இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கிற சேமிப்பும் இருந்தால், வங்கிக் கடனில் உங்கள் பெயரில் உரிமைப் பத்திரம் வருகிற ட்ரக்கை வாங்குங்கள். அதை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன். என் நண்பர்கள் இரண்டு பேர் அப்படித்தான் வாங்கினார்கள், நன்றாக இருக்கிறார்கள்.

அந்தத் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. தம்பி, இதை வாசித்தால் அந்த லீஸ் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு. வேறு யாரிடமாவது அப்படி ஒன்று கையில் இருந்தாலும், கையெழுத்து வைக்க முன்னம் உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயர், விலாசத்தை மறைத்துவிட்டே அனுப்பலாம். சனிக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் நிற்பேன். வரி வரியாக இருந்து பார்ப்போம்.